பழைய காரில் பிரேக் லைட்டும் சிக்னலும் மக்கர் செய்தால்: பல்பிலிருந்து எர்த் வரை

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற மோட்டார்சைக்கிள்காரர் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணே, வலது பக்கம் பிரேக் லைட்டே வரல. சிக்னல் போட்டா சிவப்பு லைட்டும் சேர்ந்து மின்னுது, பாத்துக்கங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் இதே கோளாறுக்காக ஒரு வொர்க்‌ஷாப்பில், சிக்னலை மின்னவைக்கும் ஃபிளாஷரையும் பிரேக் சுவிட்சையும் மாற்றி, 180 வெள்ளி கட்டிவிட்டு வந்திருந்தேன்.

என் கார் 1966-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். கடைசியில் கோளாறு இருந்த இடம், வலது பின்விளக்கை பாடியோடு பிடித்திருந்த துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூ. கழற்றித் தேய்த்து மாட்ட இருபது நிமிடம் ஆனது. பழைய காரில் விளக்குக் கோளாறு வந்தால் எல்லாரும் மின்சாரம் போகிற வழியையே பார்க்கிறோம். அது திரும்பி வருகிற வழியைப் பார்ப்பதில்லை. அந்தத் திரும்பும் வழிதான் எர்த். இந்த வழிகாட்டியில் அதைப் பற்றி நான் நீட்டி முழக்கியிருந்தால் காரணம் அந்த 180 வெள்ளிதான்.

கீழே சொல்வது பெரும்பாலும் 1960, 70-களின் பிரிட்டிஷ் கார்களுக்குப் பொருந்தும். பீட்டில், டட்சன், கொரோலா வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான். வயர் நிறம் மட்டும் மாறும்.

நிற்கிற கார்தான் கெடும்

சிங்கப்பூரில் 35 வயதைத் தாண்டிய காரை கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்தால், வருடத்துக்கு அதிகபட்சம் 45 நாள்தான் ஓட்டலாம். மீதி 320 நாள் அது நின்ற இடத்திலேயே நிற்கும். வெளியே நம் ஊர்க் காற்று. துவைத்த சட்டையே வீட்டுக்குள் காயாது. பல்பு ஹோல்டரின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், இரும்பு ஸ்க்ரூவில் துரு ஏறும், சுவிட்ச் உள்ளே கான்டாக்ட் கறுக்கும். தினமும் ஓடுகிற காரில் சுவிட்ச் தேய்ந்து தேய்ந்து தன்னைத்தானே கொஞ்சம் சுத்தம் செய்துகொள்ளும். நிற்கிற காருக்கு அந்த வசதி இல்லை. அதனால் பழைய காரில் விளக்கு எரியவில்லை என்றால், எதையும் வாங்கும் முன் எங்கே களிம்பு ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் தேட வேண்டும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு மல்டிமீட்டர், சிம் லிம் டவரில் கிடைக்கிற சாதாரணமானது போதும். ஒரு டெஸ்ட் லாம்ப்: 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, இரண்டு வயரும் முனையில் முதலைக் கிளிப்பும் வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, மெல்லிய உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், வாசலின். ஒரு மீட்டர் நீளத்துக்கு நல்ல வயர். அப்புறம், பிரேக்கை மிதிக்க ஓர் ஆள்.

மல்டிமீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லாம்ப் எதற்கு என்று கேட்பீர்கள். மீட்டர் மின்சாரமே இழுக்காது. பத்து இழையில் ஒன்பது அறுந்துபோன வயரிலும் அது 12 வோல்ட் என்று காட்டும், நீங்களும் வயர் நல்லது என்று நம்பிவிடுவீர்கள். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கேட்கும். அந்த வயரால் கொடுக்க முடியாது, பல்பு மங்கலாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை தொடங்கும் முன் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கனெக்டரைக் கழற்றுவதாக இருந்தால் பேட்டரியின் ஒரு முனையை எடுத்துவிடுங்கள். பழைய வயரின் மேல்தோல் பிஸ்கட் மாதிரி உடையும். ஒரு ஷார்ட் போதும், புகை வந்துவிடும்.

முதல் படி: எதையும் தொடாமல் பாருங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். இக்னிஷனைப் போட்டு இடது சிக்னல், வலது சிக்னல், பிரேக், டெயில் லைட் ஒவ்வொன்றாக. பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து. கோளாறு எங்கே என்று பாதி இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் சிக்னல் மின்னுகிறது, மறுபக்கம் மின்னவில்லை: ஃபிளாஷரைத் தொடாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஃபிளாஷர்தான். ஒரு பக்கம் வேலை செய்கிறது என்றால் அது நன்றாகத்தான் இருக்கிறது. என் 180 வெள்ளியில் ஒரு பங்கு இங்கேதான் போனது.

இரண்டு பக்கமும் இல்லை, பிரேக் லைட்டும் இல்லை, பெட்ரோல் முள்ளும் எழவில்லை: ஃபியூஸ், அல்லது ஃபியூஸுக்கு வருகிற மின்சாரம்.

இரண்டு பக்கமும் இல்லை, ஆனால் பிரேக் லைட் எரிகிறது: ஃபிளாஷர், இல்லையென்றால் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் சிக்னல் சுவிட்ச்.

ஒன்றைப் போட்டால் இன்னொன்று மின்னுகிறது, மங்குகிறது, அணைகிறது: எர்த். அநேகமாக வேறெதுவும் இல்லை.

இரண்டாம் படி: பல்பும் ஹோல்டரும்

பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் இழை அறுந்திருக்காவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

சிக்னலுக்கு ஒற்றை இழை 21 வாட் பல்பு. பழைய கடைக்காரர்கள் 382 என்பார்கள். பிரேக்கும் டெயிலும் சேர்ந்த விளக்கில் இரட்டை இழை 380 இருக்கும், ஓர் இழை 21 வாட், மற்றது 5 வாட். 380-இன் பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. தப்பான பக்கமாகத் திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அறுபது வருடம் தேய்ந்த ஹோல்டரில் அதையும் மீறி அழுத்தி மாட்டிவிட முடியும். மாட்டினால் டெயில் லைட் பிரேக் லைட் போலக் கொளுத்தும், பிரேக் மிதித்தால் லேசாகத்தான் தெரியும். இரவில் பின்னால் வருகிறவர் நீங்கள் எப்போது நிறுத்துகிறீர்கள் என்றே கண்டுபிடிக்க முடியாது.

ஹோல்டரின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் குமிழை விரலால் அமுக்கிப் பாருங்கள், துள்ளி எழ வேண்டும். எழாவிட்டால் கிளீனர் அடித்து, பிரஷால் தேய்த்து, நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். ஹோல்டரின் உள்சுவரையும் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேயுங்கள்.

மூன்றாம் படி: எர்த், கொஞ்சம் பொறுமையாக

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

பழைய காரில் விளக்குக்கு ஒரு வயர்தான் போகிறது. திரும்பி வருகிற வழி காரின் பாடிதான். பல்பிலிருந்து ஹோல்டர், ஹோல்டரிலிருந்து விளக்கின் அடித்தகடு, அங்கிருந்து ஸ்க்ரூ, ஸ்க்ரூவிலிருந்து பாடி, பாடியிலிருந்து பேட்டரி. இதில் அடித்தகட்டுக்கும் பாடிக்கும் நடுவில் துருவோ பெயின்டோ வந்தால் வழி அடைபட்டுவிடும். காரை ஆசையாக முழுசாகப் பெயின்ட் அடித்த மறுமாதமே விளக்கெல்லாம் கோளாறு என்று பலர் சொல்வது இதனால்தான். ஸ்க்ரூ ஓட்டையிலும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். பிரேக்கை மிதிக்கிறீர்கள்: 21 வாட் இழை வழியாக வந்த மின்சாரம் ஹோல்டருக்கு வந்து, போக இடமில்லாமல், அதே பல்பின் 5 வாட் இழைக்குள் பின்பக்கமாக நுழைகிறது. அங்கிருந்து டெயில் லைட் வயரைப் பிடித்து மறுபக்க விளக்குக்கும் முன்பக்கச் சின்ன விளக்குகளுக்கும் போய், அவற்றின் எர்த் வழியாக வீடு திரும்புகிறது. பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் லேசாக எரிகிற மர்மம் இதுதான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. டெயில் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால், எர்த் போன பக்கம் விளக்கு முழுதாக அணைந்துவிடும். இரண்டு இழைக்கும் ஒரே 12 வோல்ட் வந்து நிற்கிறது, வெளியே போக வழியில்லை. ஓட்டமில்லை என்றால் வெளிச்சமும் இல்லை.

என் காரில் சிக்னலும் பிரேக்கும் டெயிலும் ஒரே கூட்டில், ஒரே அடித்தகட்டில் இருக்கின்றன. அதனால்தான் சிக்னல் போட்டால் சிவப்பும் சேர்ந்து மின்னியது.

சோதிப்பது எப்படி? எளிய வழி: வயர் துண்டின் ஒரு முனையை பேட்டரியின் எந்த முனை பாடியில் கட்டியிருக்கிறதோ அந்த முனையில் மாட்டுங்கள். பின்விளக்குவரை எட்டாவிட்டால் பூட் (டிக்கி) உள்ளே பளபளப்பாகச் சுரண்டிய ஓர் இரும்பில் மாட்டலாம். மறுமுனையை, விளக்கு எரியும்போது, ஹோல்டரின் வெளிச்சுவரில் வையுங்கள். விளக்கு சட்டென்று பளிச்சிட்டால் எர்த்தான் குற்றவாளி.

எண்ணாகப் பார்க்க விரும்பினால் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, அதன் வயர்களில் ஒரு முள்ளை (கூர்முனையை) பேட்டரியின் அதே பாடி முனையிலும் மற்றதை ஹோல்டர் சுவரிலும் வையுங்கள். யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.1, 0.2 என்று காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் சுத்தம் செய்யுங்கள். மிதிக்காமல் பார்த்தால் எப்போதும் பூஜ்யம்தான் வரும், அதை நம்பிவிடாதீர்கள். போகிற வழியையும் இப்படியே பார்க்கலாம்: ஒரு முள் பேட்டரியின் இன்னொரு முனையில், மற்றது பல்பின் அடிக்குமிழ் தொடும் இடத்தில். வழியில் ஒன்றரை வோல்ட் தொலைந்து பல்புக்கு 10.5 மட்டும் வந்து சேர்ந்தால், வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மத்தியான வெயிலில் அந்தப் பிரேக் லைட் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

சரிசெய்வது: விளக்கை முழுதாகக் கழற்றுங்கள். அடித்தகட்டின் பின்புறம், பாடியில் அது உட்காரும் இடம், ஸ்க்ரூ மூன்றையும் வெறும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். வாசலின் தடவி மாட்டுங்கள். என்னிடம் கேட்டால், அதோடு விடாமல் ஒவ்வொரு பின்விளக்கிலிருந்தும் ஒரு கறுப்பு வயர் எடுத்து, பூட் உள்ளே நல்ல இரும்பில் ஒரே நட்டில் கட்டிவிடுவேன். அடுத்த மழைக்காலத்திலும் அதே இடத்தில் துரு வரும். வந்தாலும் விளக்கு எரியும்.

நான்காம் படி: ஃபியூஸ்

மோரிஸில் இரண்டே ஃபியூஸ். ஏ3, ஏ4 என்று போட்ட முனைகளுக்கு நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. வெள்ளை வயர் இக்னிஷனிலிருந்து உள்ளே வரும், பச்சை வயர்கள் வெளியே போகும். இக்னிஷனைப் போட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு கிளிப்பைப் பாடியில் மாட்டி, மற்றதை ஃபியூஸின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். வெள்ளையில் எரிந்து பச்சையில் எரியவில்லை என்றால் ஃபியூஸ். பல நேரம் ஃபியூஸ் நன்றாக இருக்கும், அதைப் பிடிக்கும் கிளிப் களிம்பேறியிருக்கும்; ஃபியூஸைத் திருகினாலே உயிர் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற 35 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் பல, அந்த 35-ஐத் தொடர்ந்தே தாங்கக்கூடியவை. அதைப் போட்டால் ஃபியூஸ் எரியும் முன்னால் வயர் எரியும். தொடர்ந்து தாங்கும் அளவு 15 அல்லது 17 என்று கேட்டு வாங்குங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டிய கதைகளை அண்ணன்மார்கள் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டுச் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பிரேக் சுவிட்ச்

இரண்டு வகை உண்டு. ஒன்று பெடலுக்கு மேலே இருக்கும் சாதாரண பொத்தான். இன்னொன்று பிரேக் எண்ணெய்க் குழாயிலேயே திருகியிருப்பது; எண்ணெய் அழுத்தம் ஏறினால் உள்ளே தொடும். மோரிஸ், பழைய மினி, பீட்டில் எல்லாம் இந்த இரண்டாம் வகைதான்.

சுவிட்சில் இரண்டு வயர் இருக்கும். பிரிட்டிஷ் காரில் வருவது பச்சை, விளக்குக்குப் போவது பச்சையில் ஊதாக் கோடு. இரண்டையும் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, வயர் துண்டால் இணையுங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது. எரியவில்லை என்றால் சுவிட்சை விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வயரைப் பாருங்கள்.

அழுத்த சுவிட்சுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரேயடியாகச் சாகாது. முதலில் பலமாக மிதித்தால் மட்டும் எரியும். கார் நிற்கும்போது சோதிக்கிற நாம் பலமாகத்தான் மிதிப்போம், எரியும், திருப்தியாகிவிடுவோம். விரைவுச்சாலையில் வேகம் குறைக்க லேசாகத் தொடும்போதுதான் எரியாது. அதனால் பெடலை விரல் நுனியால் அழுத்துவது போல மெதுவாக அழுத்தி, எந்த இடத்தில் எரிகிறது என்று பாருங்கள். பிரேக்கில் டாட் 5 சிலிக்கான் எண்ணெய் ஊற்றியிருந்தால் இந்த சுவிட்ச் சீக்கிரம் போகும். அது பலருக்கும் நடந்த கதை.

இரண்டு 21 வாட் பல்பும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கும். அது முழுதும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியே போகிறது. நடுவில் ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்துவிட்டால் சுவிட்சுக்கு வேலை மிச்சம், பல்புக்கும் முழு வோல்ட் கிடைக்கும். எண்ணெய்க் குழாய் வகையை மாற்றும்போது காற்று உள்ளே போகும், அதை வெளியேற்ற பிரேக்கை ப்ளீட் செய்ய வேண்டும். அதில் கை பழகாதவர்கள் ஃபோர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

பிரேக் லைட் அணையவே இல்லை என்றால்? சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் குழாய்வகை சுவிட்ச் என்றால், உள்ளே அழுத்தமே இறங்காமல் இருக்கவும் வாய்ப்புண்டு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அது விளக்குக் கோளாறு அல்ல, காரை ஓட்டாதீர்கள்.

ஆறாம் படி: ஃபிளாஷரும் சிக்னல் சுவிட்சும்

பழைய ஃபிளாஷர் சூட்டில் வேலை செய்வது. பல்புக்குப் போகும் மின்சாரம் உள்ளே ஒரு கம்பியையோ தகட்டையோ சூடாக்கும், அது நீண்டு வளைந்து தொடும், விடும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்ன வேண்டும். ஒரு பல்பு போனால் மின்சாரம் பாதியாகி, சூடு போதாமல் தாளம் தப்பும், அல்லது மின்னாமல் எரிந்துகொண்டே நிற்கும். இன்ஜினை அணைத்துப் பார்க்கும்போது மெதுவாக மின்னினால் பயப்படாதீர்கள். பேட்டரி வோல்ட் குறைவு, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் கார்களில் வரும் லூக்காஸ் கம்பெனியின் மூன்று முனை ஃபிளாஷரின் ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதினால் இரண்டு 'பி' வந்து குழப்பும், அதனால் வேலையை வைத்தே சொல்கிறேன்: மின்சாரம் வரும் முனை, சுவிட்சுக்குப் போகும் முனை, டேஷ்போர்டு பல்பு முனை. முதல் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்து, சிக்னல் போடுங்கள். விளக்குகள் மின்னாமல் நிலையாக எரிந்தால் ஃபிளாஷரை மாற்றுங்கள். எரியவே இல்லை என்றால் சுவிட்ச்.

சுவிட்சிலிருந்து வரும் வயர்கள் ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே ஒரு கொத்தாக வந்து சேரும். இளம்பச்சையில் பழுப்புக் கோடு ஃபிளாஷரிலிருந்து வருவது. பச்சையில் சிவப்புக் கோடு இடது, பச்சையில் வெள்ளைக் கோடு வலது. இளம்பச்சையை நேராகப் பச்சை-சிவப்போடு இணைத்தால் இடது பக்கம் மின்ன வேண்டும். மின்னினால் கோளாறு சுவிட்ச் உள்ளே. புதிது வாங்கும் முன் கிளீனர் அடித்து முப்பது நாற்பது முறை அங்குமிங்கும் தட்டிப் பாருங்கள். என் சுவிட்ச் அதிலேயே பிழைத்தது.

மின்னவில்லை என்றால் பூட் உள்ளே கறுப்பு ரப்பர் உறை போட்ட புல்லட் கனெக்டர்களை (வயர்களை இணைக்கும் குண்டு வடிவ முனைகளை) தேடுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். இழுத்துப் பார்த்தால் உள்ளே பச்சை.

பீட்டில், மெர்சிடிஸ்காரர்களுக்கு ஒன்று: பிரிட்டிஷ் காரில் பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வரும் நேர் மின்சாரம். ஜெர்மன் காரில் பழுப்புதான் எர்த். ஒன்றில் பழகிய கையோடு மற்றதைத் தொட்டால் பொறி பறக்கும். ஜெர்மன் ஃபிளாஷரில் 49 மின்சாரம் வருவது, 49ஏ விளக்குக்குப் போவது, 31 எர்த்.

எல்இடி போடலாமா

போடலாம், ஆனால் பழைய ஃபிளாஷரோடு போட்டால் மின்னாது. சூடாக்கும் அளவுக்கு எல்இடி மின்சாரம் இழுக்காது. எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் வேண்டும். டேஷ்போர்டில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பல்பு, இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் கட்டியிருந்தால், அதன் வழியே மின்சாரம் கசிந்து நாலு பக்கமும் சேர்ந்து மின்னும். முக்கியமாக, அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். சாதாரண பல்புக்கு அது பொருட்டில்லை. எல்இடிக்கும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷருக்கும் உயிர்ப் பிரச்சினை. உங்கள் காரும் அப்படியென்றால் பாசிட்டிவ் எர்த் என்று கேட்டு வாங்குங்கள். சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் சிவப்பு எல்இடி, மஞ்சளுக்கு மஞ்சள். வெள்ளையைப் போட்டால் நிறம் வெளுத்துவிடும். நான் இன்னும் சாதாரண பல்புதான் போடுகிறேன். எர்த் சரியாக இருந்தால் அது போதும்.

தனியாளாகச் சோதிக்க

பிரேக் மிதிக்க வீட்டில் யாரும் வரவில்லையா? ராத்திரி புளோக் பலமாடி கார்பார்க்கில் சுவர் ஓரம் காரைப் பின்பக்கமாக நிறுத்துங்கள். கண்ணாடியில் பார்த்தபடி பிரேக்கை மெதுவாக மிதித்தால் சுவரில் இரண்டு சிவப்பு வட்டம் விழும். இரண்டும் ஒரே அளவு பிரகாசமா என்று பாருங்கள். பிறகு டெயில் லைட்டைப் போட்டுக்கொண்டே மிதியுங்கள், அப்புறம் மிதித்தபடியே வலது சிக்னல், இடது சிக்னல். மூன்றும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யக் கூடாது.

நான் அந்த ஸ்க்ரூவைத் தேய்த்து மாட்டிய இரவு ஐந்தாவது மாடியில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பையன் நின்று, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "அங்கிள், ரெண்டும் எரியுது" என்றான்.